முசேவுக்கு எட்டு வாரம்

எங்கள் நாய்க்கு அரிப்பு வந்ததும் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே டாக்டராகிவிட்டது. எதிர்வீட்டு அம்மா வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள். பால்காரர் மஞ்சளையும் கந்தகத்தையும் குழைத்துப் பூசச் சொன்னார். முனை வீட்டு மெக்கானிக் பழைய இன்ஜின் ஆயிலை ஒரு டப்பாவில் ஊற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். வாசலிலேயே வாங்கி வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். மனுஷருக்கு உடம்பு சரியில்லை என்றால் எட்டிக்கூடப் பார்க்காத தெரு இது.

என் பெயர் சுமலதா. தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பெட்டியில் ஒரு சோப்பு குறைந்தாலோ, சீல் கோணலாக விழுந்தாலோ, அது யார் கை பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

நாய் என் மாமனாருடையது. அவர் பெயர் ராஜாங்கம். எழுபத்திரண்டு வயது. ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பியூனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே பொறுக்கிய நாற்பது ஐம்பது பிரெஞ்சு வார்த்தைகளை இன்றைக்கும் வீணாக்காமல் செலவழிப்பார். போன ஆடி மாதம் ஒரு மழையில் சாக்கடை ஓரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்தார். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். "முசே" என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். காலையில் அவர், "போன்ழூர், முசே" என்று வணக்கம் சொல்வார். அது வாலை ஆட்டும். அத்தை, அதாவது என் மாமியார், இறந்த பிறகு எங்கள் வீட்டில் மாமா குரல் கேட்டதே அந்த நாய் வந்த பிறகுதான்.

கார்த்திகை வாக்கில் சொறிய ஆரம்பித்தது. முதலில் காது. அப்புறம் வயிறு. அப்புறம் நாலு பாதங்களையும் நக்கி நக்கிச் சிவக்க வைத்துக்கொண்டது. முதுகில் அங்கங்கே முடி கொட்டித் தோல் தெரிந்தது. அது சொறியும்போது பின்னங்கால் தரையில் தடதடவென்று அடிக்கும். என் வீட்டுக்காரர் கமலக்கண்ணனுக்கு ஜெராக்ஸ் கடை. பகலெல்லாம் மிஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் இந்தச் சத்தம். மனுஷன் தூக்கம் கெட்டு, பொங்கலுக்குள் பாதி ஆளாகிவிட்டார்.

பொங்கல் முடிந்து டாக்டர் தமிழ்மாறனிடம் கொண்டுபோனோம். சீப்பு போட்டு வாரிப் பார்த்தார். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"உண்ணி இல்ல, தெள்ளுப்பூச்சி இல்ல, சொறிப் பூச்சியும் இல்ல. சொறிஞ்சி சொறிஞ்சி மேல இன்ஃபெக்‌ஷன் ஆயிருக்கு, அதுக்கு மாத்திரையும் ஷாம்புவும் தர்றேன். ஆனா அடியில ஏதோ சாப்பாட்டு அலர்ஜின்னு எனக்கு டவுட். இதுவரைக்கும் என்னென்ன குடுத்திருக்கீங்க?"

கோழி போட்ட சோறு, பால், முட்டை, டீயில் தோய்க்கிற பொறை ரொட்டி என்று சொன்னேன். மீன் மட்டும் முள்ளுக்குப் பயந்து கொடுத்ததில்லை.

"அப்ப அதுதான் நமக்கு வேணும், இதுவரைக்கும் தின்னாதது. முள்ளெடுத்த மீனு, சக்கரவள்ளிக் கெழங்கு, தண்ணி. எட்டு வாரம். வேற ஒண்ணும் வாயில படக்கூடாது. ஒரு பிஸ்கட் துணுக்கு பட்டாகூட மறுபடியும் மொதல்லேர்ந்து எண்ணணும்மா. அரிப்பு அடங்குச்சின்னா, அப்புறம் ஒவ்வொண்ணா குடுத்துப் பாத்து எது ஆகலன்னு கண்டுபிடிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"எட்டு வாரம் பாப்போம். கொறஞ்சா இருக்கட்டும். இல்லன்னா கனகசெட்டிக்குளத்துல பாவாடை கேட்டுக்கினே இருக்கான், வலைக்குக் காவலா கட்டிப்போட. அனுப்பிட வேண்டியதுதான்."

பாவாடை அவருடைய பெரியப்பா மகன். நல்லவன்தான். ஆனால் அவனிடம் போகிற நாய் சாகிறவரை சங்கிலியில்தான் கிடக்கும். அது மாமாவுக்கும் தெரியும். குனிந்து முசேவின் மடிந்த காதை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் களத்தில் இறங்கினேன். தினமும் விடியற்காலையில் பாறை மீன் துண்டை அவித்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்து, கிழங்கோடு பிசைந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைக்கவில்லை.

ஆறாவது நாள் மாமா மாட்டினார். டீயில் தோய்த்த பொறையைப் பாதி அவரும் பாதி அதுவுமாகத் தின்றுகொண்டிருந்தபோது நான் கேட்டைத் திறந்தேன்.

"கொஞ்சூண்டுதாம்மா. மொகத்தையே பாத்துக்கினு இருந்திச்சி."

"கொஞ்சமோ நெறையவோ, ஆறு நாளு போச்சி மாமா. ஆறு நாளு மீனு, ஆறு நாளு என் தூக்கம்."

"இனிமே மாட்டேம்மா" என்றார். முகம் சுண்டிப் போயிருந்தது. அன்றிலிருந்து மறுபடியும் ஒன்று என்று காலண்டரில் எழுதினேன்.

மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. பாதத்தின் சிவப்பு வடிந்தது. வயிற்றில் பூனை முடி மாதிரி மெல்லிசாக முளைக்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர்கூட ஒரு நாள், "பரவால்லியே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

நாலாவது வாரம் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து வந்து டீ போட்டு மாமாவுக்கும் கொடுத்துவிட்டு, துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முசே அவர் விரலை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருக்கிறது.

"என்னா மாமா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலம்மா. கைய கழுவிட்டுத்தான் வந்தேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? போய் அவர் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு வாசனைதான் வந்தது, எங்கள் கம்பெனி சோப்பு. அதற்காவது நான் நம்பியிருக்கலாம். ஆனால் என் புத்தி வேறு மாதிரி ஓடியது. ஏதோ இருந்ததால்தானே கழுவியிருக்கிறார் என்று நினைத்தேன். கம்பெனியில் இப்படித்தான் யோசிப்பேன், பத்துக்கு எட்டு தடவை சரியாகவும் இருக்கும். மாமா கையை மெதுவாக உருவிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பகலில் முசேவுக்கு மொட்டைமாடி என்று ஏற்பாடு செய்தேன். மேலே தகர ஷெட் இருக்கிறது, பக்கத்து வீட்டு மாமரத்து நிழலும் விழும். ஒரு பெரிய அலுமினியக் குண்டானில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் போவேன். ஆறு மணிக்கு வந்து இறக்கி நானே சாப்பாடு வைப்பேன். குண்டான் தினமும் காலியாக இருக்கும். நாய் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

ஒரு வாரத்தில் அரிப்பு திரும்பி வந்துவிட்டது. முளைத்த முடியெல்லாம் போய், காது உள்பக்கம் புண்ணாகி, முன்னைவிட மோசம்.

தாழ்ப்பாள்தானே, யாரும் திறக்கலாம் என்று ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். சாவி என் கைப்பையில். அதற்கும் குறையவில்லை. இந்த இடத்தில் புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? சரி, மாமா இல்லை போலிருக்கிறது என்று நினைப்பாள். நான் அவரை நேராகவே கேட்டேன்.

"இன்னொரு சாவி செஞ்சி வச்சிருக்கீங்களா மாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்லம்மா."

"இப்பிடியே போனா அது கனகசெட்டிக்குளம் போயிடும். அதான் உங்க ஆசையா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு வாரமாக அவர் வீட்டில் டீ குடிப்பதையும் விட்டிருந்தார். நான் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே வெளியே போய்விடுவார், நான் டீ போட்டால் "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்பார். தப்பு செய்தவர் அப்படித்தான் ஒதுங்கிப் போவார் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

"எட்டு வாரம் எதுக்கு? ஏறிக்கினேதான் போவுது" என்றார் என் வீட்டுக்காரர். "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குப் பாவாடை லோடு ஆட்டோ எடுத்துக்கினு வர்றான். சொல்லிட்டேன்."

மாமா அன்று இரவு சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாசம் இருக்கிறவர் வாயைக் கட்டத் தெரியாமல் இப்படிச் செய்துவிட்டாரே என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா சீக்கிரமே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாய் போவதைப் பார்க்க முடியாது என்று புரிந்தது. நான் மாடிக்குப் போனேன். அழுக்காக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. குண்டானில் புதுத் தண்ணீர் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு, முசேவை நனைத்து, டாக்டர் கொடுத்த ஷாம்புவைத் தேய்த்தேன். தேய்த்ததும் கழுவக்கூடாது, பத்து நிமிஷம் ஊற வேண்டும். மற்ற நாட்களில் அந்தப் பத்து நிமிஷத்தை என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். சும்மா உட்காருவது எனக்கு ஆகாத காரியம். அன்றைக்கு அவர் கீழே சங்கிலி தேடிக்கொண்டிருந்தார். அதனால் ஷெட்டுக்குள் முக்காலியில் உட்கார்ந்து, நுரையோடு நாயை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். அது என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அப்போது எனக்கு அழுகை வந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

ஒரு காக்காய் வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. வாயில் கோழி எலும்பு. தெருமுனை பிரியாணிக் கடைக் குப்பையிலிருந்து எடுத்திருக்கும், சதை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. நான் ஷெட்டுக்குள் அசையாமல் இருந்தது அதற்குத் தெரியவில்லை. தத்தித் தத்திக் குண்டானுக்கு வந்து, விளிம்பில் ஏறி நின்று, எலும்பைத் தண்ணீருக்குள் போட்டது.

போட்டுவிட்டுக் காத்திருந்தது! ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்தது, போதவில்லை போல, திருப்பிப் போட்டு மறுபடியும் ஊறவிட்டது. அப்புறம் எடுத்துக் காலில் அழுத்திக்கொண்டு, மெத்தென்று ஆன சதையைக் கிழித்துத் தின்றது. துணுக்குகள் தண்ணீரில் விழுந்தன. அது பறந்ததும் இன்னொன்று வந்தது. அதன் வாயில் கோழித் தோல். அதுவும் அங்கேயே தோய்த்தது. எத்தனை நாள் பழக்கமோ, சொந்த வீட்டு அடுக்களையில் புழங்குகிற மாதிரி அவ்வளவு நிதானம்.

இரண்டாவது போனதும் முசே என் பிடியிலிருந்து நழுவி நுரையோடு ஓடிக் குண்டானில் வாயை வைத்தது. நான் பாய்ந்து போய் இழுத்தேன். தண்ணீர்மேல் எண்ணெய் மினுங்கியது. அடியில் நார் நாராகக் கோழி. நான் மாடியில் வைத்திருந்தது தண்ணீர்க் குண்டான் இல்லை, சூப்புக் கடை. கீழே இருந்தவரைக்கும் அது நன்றாக இருந்தது. மேலே ஏற்றியது நான். பூட்டிச் சாவியை எடுத்துப் போனது நான். மாமாவிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று தினமும் அதைக் கோழித் தண்ணீரிடம் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

"என்னங்க! மேல வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே நிமிர்ந்து பார்த்திருக்கும். அவர் சங்கிலியோடு ஓடி வந்தார். குண்டானைக் காட்டிச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு துணுக்கை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"அப்ப அப்பா குடுக்கலியா?"

"குடுக்கல. நீங்க இத கழுவி வுடுங்க. நான் போய் அவர கூட்டிக்கினு வர்றேன்."

கட்டியிருந்த நனைந்த புடவையோடு தெருவில் இறங்கினேன். கலியபெருமாள் டீக்கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மாமா அங்கேதான் இருப்பார் என்று யாரோ எப்போதோ சொன்னதாக ஞாபகம். கடை வாசலில் அவரைக் காணவில்லை.

"இருக்காரும்மா, பைப்பாண்ட" என்று கலியபெருமாள் கடைப் பக்கவாட்டில் இருந்த குழாயைக் காட்டிச் சிரித்தார். "உங்க மாமனாருக்கு என்னா சுத்தம்மா! ரெண்டு வாரமா பாக்கறேன். வெறும் டீ ஒண்ணு குடிப்பாரு, ஒரு பொறை தொடமாட்டாரு. அப்புறம் பாக்கெட்லேர்ந்து சோப்பு எடுத்துக் கையையும் வாயையும் கழுவுவாரு. சட்டைய ஒதறிட்டு, 'எதுனா ஒட்டிக்கினு இருக்கா பாருடா'ன்னு என்னையே பாக்கச் சொல்லுவாரு. எங்கியாவது கோயிலுக்குப் போறாரான்னு நெனச்சேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் மோந்து பார்த்த கை அது. இதைவிட மாமா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். மாமா குனிந்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நாய் வீட்டைவிட்டுப் போகிற நாளிலும் கழுவுகிறார்.

"மாமா."

நிமிர்ந்தார். "வண்டி வந்துடிச்சாம்மா?"

"முசே போகல மாமா. அது எங்கியும் போகாது."

காக்காயையும் குண்டானையும் பற்றிச் சொன்னேன். எல்லாம் குழறிக் குழறித்தான் வந்தது. கடையில் நாலு பேர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தப்பு எல்லாம் என்னுது. உங்க கைய மோந்து பாத்தேன். சாவி செஞ்சீங்களான்னு கேட்டேன். என்ன மன்னிச்சிடுங்க மாமா."

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எட்டு வாரமும் மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

"ஆமா மாமா."

"சரி, வா. சோப்பு நுரையோட வுட்டுட்டு வந்திருக்கே, கண்ணுல எறங்கிடப் போவுது" என்று முன்னால் நடந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு வந்த பாவாடை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனான்.

இந்த எட்டு வாரமும் முசே மாமாவோடு கீழேயே இருந்தது. மீனில் முள் எடுப்பதையும் அவரே செய்தார், என்னைவிட நன்றாகவே. மூன்றாவது வாரம் அரிப்பு குறைந்தது, ஆறாவது வாரம் நின்றேவிட்டது. எட்டு முடிந்ததும் டாக்டர் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் கோழி. மூன்றாம் நாளே காதைச் சொறிந்தது, நிறுத்தினோம், அடங்கியது. பாலும் முட்டையும் கோதுமையும் ஒன்றும் செய்யவில்லை. "கோழிய மட்டும் ஆயுசுக்கும் மறந்துடுங்க" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். முசேவின் முதுகு வெயிலில் பளபளக்கிறது.

ஆனால் மாமா மட்டும் சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. இப்போது முசேவையும் கூட்டிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஆறு மணிக்கு வந்து டீ போட்டுக் கூப்பிடுவேன். "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்பார். கோபமாகச் சொன்னால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லலாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நாய்க்கு எட்டு வாரம் என்று டாக்டர் கணக்குச் சொன்னார். இதற்கு யாரைப் போய்க் கேட்பது? தினமும் அவர் டீயை நானே குடித்துவிட்டு கிளாஸைக் கழுவி வைப்பேன்.

நேற்று வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டியை வீட்டுக்குத் திருப்பவில்லை. கலியபெருமாள் கடை முன்னால் நிறுத்தினேன். எங்கள் பேட்டையில் பொம்பளைகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வாங்கினால் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்கள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். மாமா ஓரத்தில் இருந்தார், காலடியில் முசே. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஸ்டாண்டு போட்டு இறங்கினேன்.

"அண்ணே, எனக்கு ஒரு டீ."

"பார்சலாம்மா?"

"இல்ல. இங்கியே."

கலியபெருமாள் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உட்காரவும் தெரியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. அப்படியே நின்றேன்.

மாமா மெல்ல நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

"சக்கரை கம்மியா போடு கலியபெருமாளு" என்றார். "எம் மருமவளுக்கு இனிப்பு தூக்கலா இருந்தா ஆகாது."

நான் உட்கார்ந்தேன்.